ஹேமக்கை இறுக்கிக் கட்டினால் பாதுகாப்பா? பரவும் தகவல் தவறு

ஹேமக் என்பது இரு மரங்களுக்கு இடையே கயிற்றால் கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை. ‘டென்ட்டுக்குப் பதில் ஹேமக்கில் தூங்குபவர்கள் அதை முடிந்தவரை இறுக்கிக் கட்டுங்கள், தொய்வு இருந்தால் கயிறு அறும், முதுகு வளையும்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உண்மை இதற்கு நேர் எதிர்.

கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், 80 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் ஏறும் இழுவிசை ஏறத்தாழ 80 கிலோ. சாய்வு 10 பாகையானால் 230 கிலோ. 5 பாகையில் 460 கிலோவுக்குப் பக்கம்! அறுவது இறுக்கிக் கட்டிய கயிறுதான். மரம் மெலிதாக இருந்தால் அதுவும் வளையும். என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே எடையை ‘2 × சைன் கோணம்’ கொண்டு வகுத்துப் பாருங்கள். பிளஸ் ஒன் இயற்பியல்தான். ஹேமக்கோடு வரும் கையேட்டிலும் பெரும்பாலும் இந்த 30 பாகை இருக்கும்.

முதுகு விஷயம்? தொய்வாகக் கட்டி, தலையை ஒரு ஓரமும் காலை எதிர் ஓரமுமாகக் குறுக்கே தள்ளிப் படுத்தால் துணி விரிந்து உடல் ஏறக்குறைய சமமாகிவிடும். இறுக்கினால் இரு விளிம்பும் தோளை நெருக்கும், புரண்டால் கவிழும்.

அதே செய்தியில் ‘தரையில் படாததால் கீழே விரிப்பு வேண்டாம்’ என்றும் இருக்கிறது. அதுவும் தவறு. அடியில் ஓடும் காற்று உடல் சூட்டை உறிஞ்சிவிடும். முதுகின் எடையில் நசுங்கிய ஸ்லீப்பிங் பேக் (உள்ளே புகுந்து தூங்கும் பை) அங்கே உதவாது. ஃபோம் பாயோ, வெளியே அடியில் தொங்கும் மெத்தையோ தேவை.

இந்தச் செய்தி வந்தால் மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு அந்த 460 கிலோ கணக்கைச் சொல்லுங்கள்.