வரைந்தவர் பெயரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஒரு காமிக்ஸைப் பற்றி ஒருவர் பேசிய அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு எனக்கே அனுப்பி "அருமையா பேசியிருக்கார், பாருங்க" என்று சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ் பற்றி அரை மணி நேரப் பேச்சு. டிசி நிறுவனத்தின் ஜேஎல்ஏ அணியும் (சூப்பர்மேன், பேட்மேன்) மார்வெல் நிறுவனத்தின் அவெஞ்சர்ஸ் அணியும் (கேப்டன் அமெரிக்கா, தோர்) சந்திக்கும் காமிக்ஸ் அது. திரையில் ஓடியது முழுக்க ஜார்ஜ் பெரெஸ் வரைந்த பக்கங்கள். பேசியவர் வாயில் வந்ததோ கதை எழுதிய கர்ட் பியூசிக் பெயர் மட்டும். பெரெஸ் பெயர் ஒரு தடவைகூட இல்லை. "ஆர்ட் வேற லெவல்" என்று இடையில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். யார் போட்ட ஆர்ட்? அதைச் சொல்ல மூன்று வினாடி போதுமே.

பியூசிக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. பேட்மேனும் கேப்டன் அமெரிக்காவும் மோதத் தொடங்கி, ஒருவரை ஒருவர் எடைபோட்டு, இந்தச் சண்டை இப்போதைக்கு முடியாது என்று புரிந்ததும் நிறுத்திவிட்டுச் சேர்ந்து வேலை பார்க்கக் கிளம்புவார்களே, அந்த யோசனைக்காகவே அவரைக் கொண்டாடலாம். ஆனால் அந்த இருவரும் நிற்கும் விதத்தையும் பார்வையையும் வைத்து நம்மை நம்பவைத்தது யார்? வீடியோவின் முகப்புப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் கேப்டனின் கேடயம், மறு கையில் தோரின் சுத்தியலோடு சூப்பர்மேன். அந்தப் படத்தைக் காட்டித்தான் ஆள் சேர்த்திருக்கிறார். வரைந்தவர் பெயர் மட்டும் வேண்டாமாம்.

இரண்டு நிறுவனங்களின் நாயகர்களும் சேரும் இந்தக் கிராஸ்ஓவர் யாருடைய கனவு என்று தெரிந்திருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டார். 1983-இல் வர வேண்டிய புத்தகம் இது. ஜெர்ரி கான்வே கதை, பெரெஸ் படம். இருபத்தொரு பக்கம் வரைந்து முடித்த நிலையில், கதையில் ஓட்டை என்று மார்வெலின் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் எதிர்க்க, இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே இழுபறியாகி எல்லாம் நின்றுபோனது. அந்தப் பக்கங்கள் அப்படியே முடங்கின. பெரெஸ் விடவில்லை. பல வருடம் கழித்து கிராஸ்ஜென் என்ற வேறொரு காமிக்ஸ் நிறுவனத்தோடு அங்கு மட்டுமே வரைவதாக ஒப்பந்தம் போட்டபோதும், இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் விலக்கு வாங்கி வைத்துக்கொண்டார். பியூசிக்கின் புதுக் கதையோடு 2003-இல்தான் அது வெளிவரத் தொடங்கியது. பென்சிலில் வரைந்ததும் அவரே, அதன் மேல் மை போட்டதும் அவரே. மூன்றாம் இதழின் அட்டையை முன்னும் பின்னும் விரித்துப் பாருங்கள். அதுவரை இரண்டு அணியிலும் இருந்த அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். ஒருவரையும் நிழலாகப் போட்டு ஒப்பேற்றவில்லை. ஓரத்தில் நிற்பவருக்கும் முகம் இருக்கிறது, உடையில் தையல்கோடு இருக்கிறது.

"கதை இல்லாமல் படம் ஏது?" என்று வருவீர்கள், தெரியும். படம் இல்லாமல் காமிக்ஸ் ஏது? மார்வெலில் அறுபதுகளில் கதைச்சுருக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு, எந்தப் பக்கத்தில் எது, எத்தனை பேனல் (கட்டம்), யார் எங்கே நிற்பது என்பதையெல்லாம் ஓவியரிடம் விடுவார்கள். அவர் வரைந்த பிறகுதான் வசனமே எழுதுவார்கள். அப்படி வளர்ந்த ஒரு கலையில் ஓவியர் வெறும் கூலியாள் என்றால் எப்படி?

"வண்ணம் போட்ட டாம் ஸ்மித் பெயரை நீ சொன்னாயா?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். சொல்ல வேண்டும்தான், இதோ சொல்லியாயிற்று. அதற்காக பெரெஸை விட்டது சரியாகிவிடாது.

"வெளிநாட்டுக் காமிக்ஸுக்கு ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறாய்?" இதுதான் எனக்கு வலிக்கிறது. சில வருடம் முன்பு ஒரு சிறுவர் இதழுக்குப் படக்கதை வரைந்து கொடுத்தேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து போட்ட படங்கள். இதழ் வந்ததும் அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் பெயரைத் தேடினார். கதை எழுதியவர் பெயர் தலைப்புக்குக் கீழே பெரிய எழுத்தில் இருந்தது. என் பெயர் எங்குமே இல்லை. "அடுத்த மாசம் போடுவாங்களாடா?" என்று கேட்டார். அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "படத்துக்கெல்லாம் யார் சார் பேர் பாக்கறாங்க" என்றார்கள். அம்மா பார்த்தாரே!

அதனால்தான் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. 2021 டிசம்பரில் தனக்குக் கணையப் புற்றுநோய், அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று பெரெஸே அறிவித்தார். ஒருவருக்கொருவர் போட்டியான மார்வெலும் டிசியும் சம்மதித்து, காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவும் ஹீரோ இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு மூலம் இதே ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸை 7,000 பிரதி மறுபடி அச்சிட்டார்கள். அந்த மனிதருக்காக. 2022 மே 6-ஆம் தேதி, 67 வயதில் போய்விட்டார். அந்தப் போட்டி நிறுவனங்களுக்கே அவர் பெயர் தெரிந்திருந்தது. அவர் படத்தை வைத்துப் பார்வைகள் வாங்கும் நமக்குத் தெரியாதா?

வீடியோவை எடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. கீழே விளக்கத்தில் "ஓவியம்: ஜார்ஜ் பெரெஸ்" என்று ஒரு வரி சேருங்கள் என்றுதான் கருத்துப் பெட்டியில் மரியாதையாகக் கேட்டேன். கீழே வந்த பாராட்டுக்கெல்லாம் இதயம் போட்டிருக்கிறார். என் கேள்விக்குப் பதில் இல்லை. அந்த வரி வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.