ஊருக்குத் திரும்பும் வழி

மத்திய ஆஸ்திரேலியாவில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக இருந்த காலத்தில், அபொரிஜினல் (ஆஸ்திரேலியப் பூர்வகுடி) நோயாளிகளின் கோப்புகளில் நான் அடிக்கடி கண்ட சொல் 'ஒத்துழைக்காதவர்' என்பது. வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 அல்லது 5 மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டியவர் இரண்டு முறை வராமல் போனால் அந்தச் சொல் அவரோடு ஒட்டிக்கொள்ளும். எங்கே போயிருந்தார் என்று விசாரித்தால், பெரும்பாலும் ஊரில் ஒரு சாவு. அங்கே துக்கம் காப்பதை 'சாரி பிசினஸ்' என்பார்கள். அதற்குப் போகாமலிருப்பது உறவையே அறுத்துக்கொள்வது போல. உடம்பு என்ன ஆகும் என்று தெரிந்தே 500 கிலோமீட்டர் பயணம் செய்த ஒருவர், தமக்கு எது முக்கியம் என்பதை அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்? நாங்கள் அதைக் குற்றமாகக் குறித்துவைத்தோம்.

சிறுநீரகம் செயலிழந்த இம்மக்களுக்கான நோய்தணிப்புப் பராமரிப்பு, அதாவது குணப்படுத்த முடியாத நோயில் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் கவனிப்பு, டயாலிசிஸுக்காக அவர்கள் ஊரைவிட்டு நகரத்துக்கு வரும் அன்றே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. டயாலிசிஸை நிறுத்தியபின் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு வாரங்கள்தான். நான் பார்த்த ஒரு மூதாட்டி, போதும் என்று சொன்ன பிறகுதான் அவரை ஊருக்குக் கொண்டுபோகும் ஏற்பாடே ஆரம்பித்தது. சிறு விமானத்துக்கு யார் பணம் கொடுப்பது, ஊர்க் கிளினிக்கில் இரவில் ஆள் உண்டா, ஆக்சிஜன் போதுமா என்று தொலைபேசியிலேயே 4 நாள் போயிற்று. ஐந்தாம் நாள் அவர் நகரத்துக் கட்டிலிலேயே கண்மூடினார். யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. ஆனால், இந்தக் கேள்விகளைக் கேட்க எங்களுக்குப் பல ஆண்டுகள் இருந்தன.

'கன்ட்ரி' என்று அவர்கள் சொல்வது வரைபடத்திலுள்ள நாட்டை அல்ல. முன்னோரும் மொழியும் சடங்கும் உறவும் பிணைந்த நிலத்தை. அதைவிட்டுப் பிரிவதே நோயின் முதல் வலி என்பதை மருத்துவத் துறைக்கு முன்பே மேற்குப் பாலைவனத்தின் பின்டுபி மக்கள் உணர்ந்திருந்தார்கள். பெரியவர்கள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் இயந்திரத்தருகே தனித்துக் கிடக்க, ஊரில் பிள்ளைகளுக்குக் கதையும் சடங்கும் சொல்லித்தர ஆளில்லை. ஆகவே, பப்புன்யா துலா என்ற பூர்வகுடி ஓவியர் கூட்டுறவின் ஓவியர்களும் குடும்பத்தாரும் வரைந்த ஓவியங்கள் 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஏலம் விடப்பட்டு, 10 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அந்தப் பணத்தைக் கொண்டு ஓர் அமைப்பு உருவாகி, 2004-இல் பாலைவனத்துக்குள் கின்டோர் என்ற ஊரில் டயாலிசிஸ் தொடங்கியது. இன்று 'பர்ப்பிள் ஹவுஸ்' என்று அறியப்படும் அந்த அமைப்பின் வேலையைச் சிகிச்சையின் வெற்றியாகவே பலர் பேசுகிறார்கள். எனக்கு அது நோய்தணிப்புப் பராமரிப்பின் வெற்றியும்கூட. தொலைதூர ஊர்களில் நடக்கும் டயாலிசிஸுக்கு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பணம் கிடைக்க 2018 வரை ஆயிற்று என்பது வேறு கதை.

வலிமருந்து விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சிறுநீரகம் வேலை செய்யாத உடலில் மார்ஃபின் சிதைந்து உண்டாகும் பொருள்கள் தேங்கி, மயக்கத்தையும் தசைத் துடிப்பையும் தரும் என்பதால் ஃபென்டனில் போன்ற மாற்று மருந்துகளை நாடுகிறோம். மருந்தைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஊசி போட்ட சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தால், ஊசியே கொன்றது என்ற பேச்சு எழும். பழி அதே ஊரைச் சேர்ந்த சுகாதாரப் பணியாளர் மீது விழும். ஊசிக்குச் சம்மதித்த ஒற்றை உறவினர் மீதும் விழும். எனவே, உரிய உறவினர் அனைவரையும் உட்காரவைத்து, அவர்கள் மொழி அறிந்த துபாஷியோடு, முன்கூட்டியே பேச வேண்டும். மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் பேசக் கூடாத குடும்பங்களில் அந்த உட்காரவைப்பதிலும் ஒரு முறை உண்டு. எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால் அது சம்மதம்தான் என்றில்லை, பேச்சு முடிந்தால் போதும் என்ற மரியாதையாகவும் இருக்கலாம்.

இறந்தவரின் பெயரைச் சொல்லாதிருப்பது அங்கே பல சமூகங்களின் மரபு. யோத்து யிண்டி என்ற பூர்வகுடி இசைக்குழுவின் பாடகர் 2013-இல் சிறுநீரக நோயால் 56 வயதில் மறைந்தபோது, குடும்பத்தின் விருப்பப்படி ஊடகங்கள் அவரது முதற்பெயரைத் தவிர்த்தன. ஒரு நாட்டின் செய்தித்தாள்கள் கடைப்பிடித்த அந்த மரபை ஒரு வார்டு கடைப்பிடிப்பது கடினம் அல்ல. ஆனால், அரைநாள் பண்பாட்டுப் பயிற்சியில் ஒரு பட்டியலாக இதை மனப்பாடம் செய்து, எல்லோரிடமும் ஒரே மாதிரி பிரயோகிப்பதையும் நான் அஞ்சுகிறேன். அங்கே மொழிகளும் பல, வழக்கங்களும் பல.

சாவைப் பேசினால் சாவு வரும் என்று நம்புகிறவர்களிடம் இதையெல்லாம் முதல் நாளே எப்படிப் பேசுவது என்று சக பணியாளர்கள் கேட்டதுண்டு. நியாயமான தயக்கம்தான். ஆனால், அந்தச் சொல்லைத் தொடவே தேவையில்லை. அவர்களே 'முடிந்துபோனார்' என்றுதான் சொல்கிறார்கள், நாம் 'காலமானார்' என்பதைப் போல. உடம்பு ரொம்பத் தளர்ந்துபோனால் எந்த ஊரில் இருக்க விருப்பம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும், யார் வரக் கூடாது என்று கேட்கலாம். பதில் மாறும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது மீண்டும் கேட்க வேண்டும். அதை எழுதிக்கொள்ளப் படிவத்தில் நாலு வரி இடம் விட்டால் போதும். நான் நிரப்பிய படிவங்களில் 'நெருங்கிய உறவினர்' என்பதற்கு இருந்தது ஒரே ஒரு கோடு.