வாய்க்காலுக்கு மேற்கேயும் புதுச்சேரி இருக்கிறது

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஒரே நாளில் போய்வர யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குக் கிளம்பப் போகிறீர்கள்?" என்பதுதான். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழரை மணிக்கு. அப்படிக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டரைத் தாண்டி, பதினொரு மணிக்குக் காந்தி சிலையடியில் இறங்கினால் என்ன கிடைக்கும்? உச்சியில் வெயில், எதிரே கண்ணைக் கூசவைக்கும் கடல், உட்கார்ந்தால் சுடும் கல். ஊர் தன்னைக் காட்டிக்கொள்ளும் நேரத்தைச் சாலையில் தொலைத்துவிட்டு, அது கதவைச் சாத்தும் நேரத்தில் போய் நின்றுகொண்டு, பிறகு "பாண்டியில் பார்க்க ஒன்றுமில்லை" என்று சொல்பவர்கள் என் உறவிலேயே ஏழெட்டுப் பேர் தேறுவார்கள்.

போன பங்குனியில் அக்காவும் அவள் மகனும் திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்திருந்தார்கள். ஒரு நாள் புதுச்சேரி என்று முடிவாயிற்று. பையன் முந்தின இரவே கைப்பேசியில் பட்டியல் போட்டு வைத்திருந்தான். பதினான்கு இடங்கள். ஆரோவில், சுண்ணாம்பாறு படகு, மஞ்சள் சுவர்த் தெருக்கள், மூன்று தேவாலயங்கள், இரண்டு காபிக் கடைகள் என்று போய், கடைசியில் 'மாலை 6.15: கடலில் சூரிய அஸ்தமனம்' என்று முடிந்தது.

"தம்பி, இது கிழக்குக் கரை. சூரியன் இங்கே கடலிலிருந்து எழும்பும், கடலில் விழாது" என்றேன்.

"அப்படியா மாமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சமும் தயங்காமல் அந்த வரியை எடுத்துக் காலை 6.15க்கு மாற்றினான். அவனை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அதனால் இரவு இரண்டே முக்காலுக்குத் திருவான்மியூரில் பஸ் ஏறினோம். அக்கா வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆறு மணிக்குச் சற்று முன் ஆட்டோக்காரர் கடற்கரைச் சாலைக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிட்டார். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை அந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. இந்த ஊர் செய்த உருப்படியான காரியங்களில் இது ஒன்று என்பேன். ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத் தார்ச்சாலையை மனிதர்கள் நடப்பதற்கென்று தினமும் விட்டுக்கொடுக்கிற ஊர் நம் பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது? வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், காதைச் சுற்றி மப்ளர் கட்டியவர்கள் (பங்குனியில்!), நாயோடு வந்தவர்கள், நாய்க்குப் பயந்து வந்தவர்கள் என்று சாலை முழுக்க ஆட்கள். சூரியன் வந்தபோது பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினம் வருகிற விருந்தாளிதானே.

அக்காவுக்கு ஒரு ஏமாற்றம். "கடற்கரை என்றாயே, மணல் எங்கே?" என்றாள். நியாயமான கேள்வி. ஆண்டின் பெரும்பகுதி கடல் இந்தக் கரையோரமாக மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. 1980களின் பிற்பாதியில் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணை நீட்டினார்கள். மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, இருந்த மணலையும் அலை வாரிக்கொண்டு போயிற்று. அப்புறம் ஊரைக் காப்பாற்றப் பாறையைக் கொட்டு, இன்னும் கொட்டு என்று கொட்டியதில் கடற்கரை கற்கரை ஆகிவிட்டது. அந்தப் பாறைகள் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு, தாங்கள் நிற்பது ஒரு பொறியியல் பிழையின் மேல் என்று தெரிந்திருக்காது.

காலைச் சிற்றுண்டி முடிந்ததும் கிழக்குப் பகுதித் தெருக்கள். துய்மா வீதி, ரொமேன் ரோலன் வீதி, மஞ்சளும் வெள்ளையுமாகச் சுவர்கள், அவற்றின் மேல் வழியும் காகிதப்பூக் கொடி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் போதும். காலையில் இந்தத் தெருக்களில் கிழக்கு ஓரமாக நடந்தால் வீடுகளின் நிழலிலேயே போகலாம். மதியத்துக்கு மேல் மேற்கு ஓரம். ஒரே மஞ்சள் சுவரின் முன் ஆறு குடும்பங்கள் வரிசையில் நின்று, முறை வந்ததும் முகத்தைத் திருப்பி வானத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் குடியிருப்பவர் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாமல் வாசலில் நின்றார். நான் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் ஒரு சிரிப்புச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என் சண்டையே இங்கேதான் தொடங்குகிறது. ஒரு நாளைக்கு வருகிறவர்கள் அந்த நாள் முழுவதையும் இந்த நான்கைந்து தெருக்களில் செலவழிக்கிறார்கள். இல்லையென்றால் வேன் பிடித்து ஊருக்கு வெளியே ஓடுகிறார்கள். நடுவில் வடக்கு தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் போகிறதே, அதைத் தாண்டி மேற்கே போவதில்லை. வாய்க்கால் இன்று சாக்கடை என்பது உண்மை. மூக்கைப் பிடித்துக்கொண்டு முப்பது அடி நடந்தால் மறுபக்கம் வந்துவிடும்.

மறுபக்கத்தில் வைசியாள் வீதி இருக்கிறது. அங்கே ஒரு வீட்டின் எதிரே நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். கீழே தெருவைப் பார்த்த திண்ணை, அதன் மேல் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு, வேலைப்பாடு செய்த தேக்குக் கதவு. செட்டிநாட்டுப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ நின்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கண்ணை மாடிக்கு உயர்த்தினால் வளைவு வைத்த சன்னல்கள், பட்டைப் பட்டையாய்ச் சாய்த்துவைத்த மரத் தடுப்புகள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவர். தரைத்தளம் தமிழ், மாடி பிரெஞ்சு. வந்தவர் உட்காரத் திண்ணை வேண்டும், மாடிக்குக் காற்று வேண்டும் என்று, இரண்டு ஊர்க் கட்டுமானத்திலிருந்தும் தனக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு யாரோ ஒரு கொத்தனார் கட்டிய வீடு. எனக்கு அந்த மஞ்சள் சுவர்களைவிட இதுதான் புதுச்சேரி.

நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டின் பக்கத்துத் திண்ணையில் ஒரு பாட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு முழங்கால் வலி. "இப்படி உட்காரம்மா" என்றார். அவ்வளவுதான், இருவரும் கீரையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம். பாட்டியின் மாமனார் 'சொல்தா'வாம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். பையன் பட்டியலைப் பார்த்தான், மணியைப் பார்த்தான், பிறகு அவனும் ஒரு கொத்துக் கீரையை எடுத்துக்கொண்டான்.

அங்கிருந்து ஈஸ்வரன் தர்மராஜா கோவில் தெரு நடக்கிற தூரம்தான். பாரதி 1908இல் இந்த ஊருக்கு வந்து 1918 வரை இருந்தார். அவர் குடியிருந்த வீடு இப்போது நினைவில்லம். குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் எழுதப்பட்டது இந்த ஊரில் கழித்த அந்தப் பத்தாண்டில். அவர் குடியிருந்ததும் வாய்க்காலுக்கு மேற்கே என்பதை அக்காவிடம் அழுத்திச் சொன்னேன். "சரி, நீ ஜெயித்தாய், எங்கேயாவது தண்ணீர் வாங்கு" என்றாள்.

பெரிய மார்க்கெட் பக்கம் போனால் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். 1736இலிருந்து 1761 வரை ஊரில் நடந்ததையெல்லாம் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்த மனிதர். கப்பல் வந்தது, வராதது, யார் யாரிடம் என்ன பேசினார்கள், என்ன விலைக்கு எது விற்றது என்று எல்லாம் அதில் இருக்கிறது. 1761 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது, அவர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நாம் இன்று 'பழைய பிரெஞ்சு நகரம்' என்று படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு எழுந்ததுதான். துய்ப்ளேக்ஸ் கடற்கரைச் சாலையில் சிலையாக நிற்கிறார், அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் இருக்கிறது. பிள்ளையின் வீட்டு வாசலில் நாங்கள் நின்ற நேரத்தில் எங்களைத் தவிர நின்றவை இரண்டு மீன்பாடி வண்டிகள்.

மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை இந்த ஊரோடு மல்லுக்கட்டாதீர்கள். மணக்குள விநாயகர் கோயில் நடை சாத்திவிடும், ஆசிரமமும் இடைவேளை விடும். மேற்குப் பக்கத்து மெஸ் ஒன்றில் மீன்குழம்புச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு (கிழக்கே ஒரு காபிக்குக் கொடுத்த காசில் இங்கே இரண்டு பேர் சாப்பிடலாம்) பாரதி பூங்காவின் மரத்தடிக்குப் போனோம். அக்கா துண்டை விரித்துப் படுத்துவிட்டாள்.

பூங்கா நடுவில் வெள்ளையாக நிற்கிறது ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னமே அதுதான். பையனுக்குக் கதை சொன்னேன். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது விளக்கொளியில் மின்னிய ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். தாசி ஆயியின் வீடு என்று தெரிந்ததும் அவமானமாகி இடிக்கச் சொன்னாராம். அவள் எதிர்க்கவில்லை. தானே இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்ட மட்டும் அனுமதி கேட்டாளாம். பல தலைமுறை கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நெப்போலியன் காலம். அதன் நினைவாக எழுந்த மண்டபத்துக்கு அவள் பெயர். கதையில் எத்தனை பங்கு நடந்தது, எத்தனை பங்கு நாம் நடக்கவைத்தது என்பது வேறு விஷயம். மன்னர் கும்பிட்டுவிட்டு வெட்கப்பட்ட ஒரு பெண்ணை ஓர் அரசு தன் முத்திரையில் வைத்திருக்கிறது என்பது எனக்குப் போதும். பையன் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "அந்த மன்னர் சிலை இருக்கிறதா மாமா?" என்றான். இல்லை என்றேன். "நல்லது" என்றான்.

ஆரோவில்லை விட்டுவிட்டீர்களே என்று கேட்பீர்கள். ஆம், விட்டுவிட்டேன். மாத்ரிமந்திரின் உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தூரத்திலிருந்து பொன்னிறக் கோளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அரை நாள் போய்விடும். சுண்ணாம்பாறு படகும் அப்படித்தான். முன்பு ஒரு முறை நாள் சுற்றுலா வேனில் பத்து இடம் பார்த்தேன். வீடு திரும்பியபின் நினைவில் நின்றது வேனின் சன்னல் திரைச்சீலையும், "இருபது நிமிடம், இருபது நிமிடம்" என்ற குரலும்தான். அரிக்கமேட்டை விட்டதற்கு மட்டும் எனக்கு உறுத்தல் உண்டு. 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டி ரோமானிய மட்பாண்டங்களை எடுத்த இடம். ஆனால் அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

நான்கு மணிக்கு மேல் கடற்கரைச் சாலைக்கே திரும்பினோம். மேற்கே இறங்கும் வெயிலைக் கட்டடங்கள் மறைத்துக்கொள்ள, சாலை நிழலாகிவிடுகிறது. கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். அதன் பின் அந்தப் பக்கம் மணல் திரும்ப வந்து சேர்ந்திருக்கிறது. அக்கா அதைப் பார்த்ததும் முழங்கால் வலியை மறந்து இறங்கிவிட்டாள். அலை வந்து போனபோது கால் கீழே மணல் நழுவியதற்கு அவள் போட்ட சத்தத்தில் பலூன் விற்பவர் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் பையன் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தான். பதினான்கில் மூன்றுக்குத்தான் குறி போட்டிருந்தது. கீழே பதினைந்தாவதாக 'பாட்டி திண்ணை' என்று சேர்த்து அதற்கும் ஒரு குறி போட்டான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். திங்கட்கிழமை போகாதீர்கள், அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை. அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை என்பது வேறு.