“அது ஈரம்தான், விட்டுடு” என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்

எம்.எஸ்சி. படிக்கும்போது நான் எடுத்த முதல் அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரத்தில் (மூலக்கூறின் அதிர்வுகள் எந்த ஒளியை உறிஞ்சுகின்றன என்று காட்டும் வரைபடம்), அலை எண் 3400-ஐ ஒட்டி வாயகன்ற பள்ளம் ஒன்று விழுந்திருந்தது. “அது மாய்ஸ்சர்மா, விட்டுடு. கார்பனைல் பீக் வந்திருக்கான்னு மட்டும் பாரு” என்றார் பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா. மாதிரியோடு கலக்கும் கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) தூள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருந்தது, அந்த அளவில் அவர் சொன்னது சரிதான். பிறகு நான் ஆசிரியையானேன். பல வருடம் என் மாணவர்களிடமும் அதே வார்த்தையைச் சொன்னேன். அதை நினைத்து இப்போது வருத்தப்படுகிறேன். நாம் ஒதுக்கச் சொல்லும் அந்த அகலப் பட்டைக்குள்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்ற பாடம் முழுதும் இருக்கிறது.

வீணையில் தந்தியைத் தளர்த்தினால் சுருதி இறங்கும். அந்தப் பட்டையைத் தரும் ஓ–ஹெச் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன்) பிணைப்பும் அப்படித்தான். பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன் இந்த ஹைட்ரஜனைத் தன் பக்கம் இழுக்கும்போது (இந்த இழுப்புதான் ஹைட்ரஜன் பிணைப்பு) ஓ–ஹெச் தளர்கிறது, அதிர்வெண் இறங்குகிறது. யாரும் இழுக்காத எத்தனாலின் ஓ–ஹெச், 3630-ஐ ஒட்டி ஊசிபோல நிற்கும். தூய எத்தனால் திரவத்தில் அதே பிணைப்பு 3340 பக்கம் இறங்கி, விரிந்து பரவிவிடுகிறது. இறங்குவது இழுப்பின் வலிமையைச் சொல்கிறது. விரிவது அதைவிடப் பெரிய செய்தி: ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு விதமாக இழுக்கப்படுகிறது, எல்லாம் ஒரே சுருதியில் இல்லை. பாடப்புத்தகத்தில் புள்ளிக்கோடு போட்டுக் காட்டுகிறோமே, அப்படி நிலையாக நிற்கும் ஹைட்ரஜன் பிணைப்பு திரவத்தில் கிடையாது. அதன் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல், ஓ–ஹெச் பிணைப்புக்கோ 450-க்கும் மேல். ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலான நேரத்திலேயே அது அறுந்து வேறொருவரோடு சேர்ந்துவிடுகிறது. பட்டையின் அகலம் இந்த அலைபாய்தலின் படம்தான்.

இப்போது எத்தனாலில் தண்ணீரைக் கலப்போம். 50 மில்லியும் 50 மில்லியும் சேர்ந்தால் 100 வராது, 96, 97-தான் வரும். கையில் பிடித்தால் குடுவை சூடாக இருக்கும். மெண்டலீவ் தன் முனைவர் ஆய்வேட்டை 1865-இல் இந்தக் கலவையைப் பற்றித்தான் எழுதினார். (வோட்காவுக்கு 40 சதவீதம் என்று வகுத்தவர் அவர்தான் என்பது கட்டுக்கதை.) தண்ணீரின் பாகுமை (ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) ஏறத்தாழ 1 மில்லிபாஸ்கல்–வினாடி, எத்தனாலுடையது 1.2. பாதிக்குப் பாதி கலந்தாலோ அது இரண்டையும் தாண்டி 2.8 வரை ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து தனித்தனியாக இருந்ததைவிட இறுக்கமாகக் கைகோக்கின்றன என்பதற்கு இதைவிடக் கண்ணெதிர்ச் சாட்சி வேண்டுமா?

உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் பழைய வழக்கு. ஆல்கஹாலின் கார்பன் வாலைச் சுற்றித் தண்ணீர் பனிக்கட்டிபோல ஒழுங்குபட்டு நிற்கிறது என்று ஃபிராங்கும் எவன்ஸும் 1945-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். பலர் இன்றும் அதையே பாடமாக நடத்துகிறார்கள். 2002-இல் நேச்சர் இதழில் வந்த நியூட்ரான் சிதறல் ஆய்வு வேறு கதை சொன்னது. செறிந்த மெத்தனால் கரைசலில், கண்ணுக்கு ஒரே திரவமாகத் தெரிந்தாலும், மூலக்கூறு அளவில் இரண்டும் முழுதாகக் கலப்பதே இல்லை. தண்ணீர் சிறு சிறு கூட்டமாகத் தனியே நிற்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நடத்தினால் வகுப்பே வேறு மாதிரி இருக்கும்.

ஸ்பெக்ட்ரத்தைத் தவறாகப் படிக்கும் பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஓ–ஹெச் பட்டையை மென்பொருளில் போட்டு நான்கைந்து காஸியன்களாக (மணி வடிவ வளைகோடுகளாக) உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ‘வலுவான பிணைப்பு’, ‘பலவீனமான பிணைப்பு’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். போதுமான காஸியன்கள் இருந்தால் எந்த மேட்டையும் பொருத்திவிடலாம். தண்ணீரின் ஓ–ஹெச்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அதிர்கின்றன. தண்ணீர் மூலக்கூறு வளைந்து நிமிரும் அதிர்வின் இரட்டிப்பு 3250 பக்கம் வந்து மேலும் குழப்புகிறது. போதாததற்கு ஆல்கஹாலின் ஓ–ஹெச்சும் அதே இடத்தில்தான் விழுகிறது. கொஞ்சம் கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் உள்ள தண்ணீர்) சேர்த்து, 2500-ஐ ஒட்டி வரும் ஓ–டி அதிர்வைத் தனியாகப் பார்ப்பது இதைவிட நாணயமான வழி. அது கைக்கெட்டாவிட்டால், எத்தனாலின் சி–ஹெச் (கார்பன்–ஹைட்ரஜன்) கோடுகளையும் 880-ஐ ஒட்டிய கோட்டையும் பாருங்கள். அவற்றை மறைக்கத் தண்ணீரிடம் அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

இதற்கு, சிதறும் ஒளியிலிருந்து மூலக்கூறின் அதிர்வுகளைப் படிக்கும் ராமன் கருவியே நல்லது. அகச்சிவப்புக் கருவியின் கேபிஆர் ஜன்னலில் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், ராமனுக்குச் சாதாரணக் கண்ணாடிக் குப்பி போதும். தண்ணீரும் அதில் அடக்கமாகவே தெரியும். திருச்சியில் பிறந்த ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கல்கத்தாவில், சிதறும்போது நிறம் மாறிவரும் அந்தப் புதிய ஒளியைத் தேடியது சுமார் 60 சாதாரணத் திரவங்களில். அதற்கு முன்பே ராமன் மிருதங்கத்தையும் வீணையையும் ஆராய்ந்தவர். தந்தியின் அதிர்விலிருந்து மூலக்கூறின் ஒளிக்குப் போன அந்தப் பாதையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 அன்று ராமன் படத்துக்கு மாலை போட்டு, பேச்சுப் போட்டி வைத்து முடித்துவிடுகிறோமே, அன்றைக்காவது எத்தனாலும் தண்ணீரும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த ஆறு குப்பிகளை வரிசையாக வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் அல்லவா? எத்தனாலுக்குக் கலால் அனுமதி வாங்குவது பெரும்பாடு என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் செய்யுங்கள். கருவியே இல்லாத கல்லூரியா, அடர்த்திக் குப்பியும் வெப்பமானியும் இருந்தாலே பாதி தூரம் போய்விடலாம்.

இந்த செமஸ்டரில் ராமன் கருவியில் ஆறு குப்பிகளை வைத்துப் பார்த்தோம். ஆறு ஸ்பெக்ட்ரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “மேம், தண்ணி ஓ–ஹெச்சைத்தானே பிடிக்குது? சி–ஹெச் கோடு ஏன் மேல நகருது?” ஆக்சிஜனில் பிணைப்பில் சேராமல் இருக்கும் எலக்ட்ரான்களைத் தண்ணீர் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் சி–ஹெச்சுக்குக் கசிந்துகொண்டிருந்தது குறைகிறது, பிணைப்பு விறைக்கிறது என்பது ஒரு விளக்கம். தண்ணீர் நேராகவே சி–ஹெச்சை நெருக்குகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, 1-பியூட்டனாலில் செய்து பார்க்கலாமா என்றாள். 100 மில்லி தண்ணீர் அந்த ஆல்கஹாலை ஏழு கிராம் அளவுக்குத்தான் ஏற்கும், மீதி தனி அடுக்காக மேலே நிற்கும். மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கப்போகிறாள். திங்கட்கிழமை கருவியில் அவளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.