எடை மிஷின் வைராக்கியம்

புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று மூன்றைச் சொல்வார்கள். கதை கேட்கும்வரை, வலி இருக்கும்வரை, சுடுகாட்டில் நிற்கும்வரை. வீட்டுக்கு வந்து கை கால் கழுவினால் போய்விடும். நான்காவதாக ஒன்றை நான் சேர்ப்பேன்: எடை மிஷின் வைராக்கியம். அதில் எனக்குப் பத்து வருட சர்வீஸ் இருக்கிறது.

போன வாரம் எங்கள் வங்கிக் கிளையில் வேலை பார்க்கும் ஒரு பெண் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, சாப்பிடலையா?"

"மூணு மாசத்துல ஆறு கிலோ குறைச்சேன்க்கா. தம்பி கல்யாணத்துக்கு நாலு நாள் போயிட்டு வந்து மிஷின்ல ஏறுறேன், நாலு கிலோ ஏறிருச்சு. இனிமே நமக்கெல்லாம் ஆகாதுக்கா. விட்டுறலாம்னு இருக்கேன்."

விட்டுவிடப் போகிறவள் ஏன் பட்டினி கிடக்கிறாய் என்று கேட்டேன். "இது கல்யாணத்துல தின்னதுக்கு" என்றாள். தண்டனையாம். அதற்குள் கேஷ் கவுண்டரில் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று சொல்ல முடியாத மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நாலு கிலோ. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. நாலே நாளில் நாலு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால், உடம்புக்குத் தேவையானது போக தினமும் 7,700 கலோரி கூடுதலாகத் தின்றிருக்க வேண்டும். பந்தியை விட்டு எழாமல் இலையைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் மனுஷியால் முடியாது. ஏறியதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. அப்பளம், ஊறுகாய், வடை உப்பு வேறு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் தானாக இறங்கிவிடும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், முதல் வாரத்தில் "மூணு கிலோ குறைஞ்சிருச்சு" என்று நாம் போடும் ஆட்டமும் தண்ணீர்தான்.

இது எனக்குத் தெரிய வெகுநாள் ஆனது. 2013இல் ஏழு நாள் சூப் டயட், 78இல் இருந்து 74. அதற்கப்புறம் மூன்றே வருடத்தில் 86. 2016இல் பேலியோ அலை. அரிசி, சர்க்கரையைத் தொடாமல் கறி, முட்டை, பாதாம் என்று சாப்பிடும் முறை. எங்கள் தெருவில் பாதிப் பேர் காலையில் நூறு பாதாமை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. நானும் எண்ணினேன். ஆறு மாதத்தில் 72. அந்த உணவுமுறையைக் குறை சொல்ல வரவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு நன்றாக இருப்பவர்களை எனக்கே தெரியும். கோளாறு நான் அதைப் பிடித்த விதத்தில்.

ஆடி மாதம் குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். அத்தை சர்க்கரைப் பொங்கலை உள்ளங்கையில் வைத்து, "சாமி பிரசாதம்மா, வேண்டாம்னு சொல்லாத" என்றார். ஒரு வாய்தான். ஆனால் ஆறு மாத விரதம் அந்த ஒரு வாயில் முறிந்துவிட்டது என்று மனசு கணக்கு எழுதியது. சரி, கெட்டது கெட்டாச்சு. மதியம் இரண்டு தட்டுப் பொங்கல், சாயங்காலம் பணியாரம், மறுநாள் ஊருக்குத் திரும்பும் வழியில் பரோட்டா. திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஒழுங்காக இருக்கலாம் என்று முடிவு. அந்தத் திங்கட்கிழமை 2019 வரை வரவில்லை.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம் ஆட்கள் சொல்வதை, 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மில்க்‌ஷேக் கொடுத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் மில்க்‌ஷேக், அப்புறம் வேண்டுமளவு ஐஸ்கிரீம். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வாயைக் கட்டி டயட்டில் இருப்பவர்களோ, மில்க்‌ஷேக் குடித்த பிறகு குடிக்காதபோது தின்றதைவிட அதிக ஐஸ்கிரீம் தின்றார்கள். இதைப் படித்தபோது குலதெய்வம் கோயில் வாசலில் என்னை யாரோ பார்த்து எழுதியது போல இருந்தது.

மற்ற இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2019இல் ஜிம், வருடச் சந்தா கட்டினால் தள்ளுபடி என்றார்கள். போனது 41 நாள், குறைந்தது மூன்று கிலோ, மிச்சம் முட்டி வலி. லாக்டவுனில் 87. 2021இல் பதினாறு மணி நேர விரதம், போனில் கலோரி ஆப், சமையலறையில் தராசு. சாம்பார் வெங்காயத்தை நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மிஷினில் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறினேன். ஏழு கிலோ குறைந்தது, முடி கொட்டியது, பசியில் மகளிடம் எரிந்து விழுந்தேன். 2022 கடைசியில் 88.

கூட்டிப் பார்த்தேன். அத்தனை வருடத்தில் நான் குறைத்தது மொத்தம் 28 கிலோ. ஏற்றியது 38. எனக்கு மனவுறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மனவுறுதி பொங்கி வழிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வைராக்கியம் உச்சத்தில் இருந்த நாளில், அந்த நாளின் தெம்பை நம்பித் திட்டம் போட்டேன். அந்தத் தெம்பு எந்த மனுஷிக்கும் நிரந்தரமாக நிற்காது. இதுதான் என் கட்சி. "மோட்டிவேஷன் போயிருச்சு, எப்படித் திரும்பக் கொண்டு வர்றது" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, அதைத் தேடாதீர்கள். அது வந்தால்தான் இன்னொரு பாதாம் கணக்கு, இன்னொரு வருடச் சந்தா.

உடம்பும் நம் பக்கம் இல்லை. அமெரிக்காவில் எடை குறைக்கும் டிவி போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். 13 பேருக்கு எடை திரும்பியிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி, அந்த உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. மெல்போர்னில் 2011இல் வந்த ஆய்வில், பத்து வாரக் கடும் டயட் முடிந்து ஒரு வருடம் ஆகியும் பசியைக் கூட்டிக் குறைக்கும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. அதாவது நாம் டயட்டை மறந்தாலும் உடம்பு மறப்பதில்லை. பஞ்சம் வந்ததாக நினைத்துக்கொண்டு உண்டியலை இறுக்கி மூடுகிறது. நாமோ "நாக்கை அடக்கத் தெரியலை" என்று நம்மையே ஏசிக்கொண்டிருக்கிறோம்.

(2025இல் இந்தியாவுக்கு வந்த எடை குறைப்பு ஊசிகளைப் பற்றிக் கேட்பீர்கள். டாக்டர் பார்த்துச் சொன்னால் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். அதேபோல எடை காரணமில்லாமல் ஏறினால் டயட்டுக்கு முன்னால் தைராய்டைப் பாருங்கள்.)

88இல் இருந்தபோது ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 6.1. சர்க்கரை நோயின் வாசற்படி. டாக்டரம்மா, "அஞ்சாறு கிலோ குறைங்க, போதும்" என்றார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அறுபதுக்கு வர வேண்டும் என்று பத்து வருடமாகக் கனவு காண்கிறவளிடம் அஞ்சாறு கிலோவா? வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அந்த வாசற்படியில் நின்றவர்களுக்கு வைத்த இலக்கே அவ்வளவுதான்: எடையில் 7 சதவீதம், வாரத்துக்கு 150 நிமிட நடை. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. அதைவிட என்னை உட்கார வைத்தது 2006இல் வெளியான சென்னை ஆய்வு. டாக்டர் ராமச்சந்திரன் குழு நம் மக்களை வைத்துச் செய்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டும் சொல்லிக்கொடுத்த பிரிவில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடையோ பெரிதாகக் குறையவே இல்லை! மிஷின் முள் அசையாமலே உள்ளே வேலை நடந்திருக்கிறது. நான் முள் அசையவில்லை என்று எத்தனை முறை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

அதன் பிறகு தெம்பான நாளுக்குத் திட்டம் போடுவதை நிறுத்தினேன். வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் 31 இரவு ஒன்பது மணிக்கு, தலைவலியோடு, மழையில் நனைந்து வீட்டுக்கு வரும் என்னால் எதைச் செய்ய முடியுமோ அதுதான் திட்டம். மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடப்பேன். மழையென்றால் ஹாலில். இட்லி ஆறு நாலானது, கூட ஒரு முட்டை அல்லது கொஞ்சம் சுண்டல். ஆபீசில் நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி, நாளைக்கு 40 கிராம். அதை அரை அரை ஸ்பூனாக்க நாலு மாதம் எடுத்துக்கொண்டேன், நாக்குக்குத் தெரியாமல். எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வாயில் போட்டுக்கொள்வதை நிறுத்தியது. வீணாகக் கூடாதே என்று நாம் வளர்ந்த வளர்ப்பு அது. வீணானது குப்பைக்குப் போனாலும் என் இடுப்புக்குப் போனாலும் வீண்தான் என்று புரிய நாற்பத்தைந்து வயது ஆனது.

முடிகிற நாளில் எங்கள் மதுரைத் தெப்பக்குளம். சின்ன வயதில் தண்ணீர் இல்லாமல் உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடிய குளம், இப்போது நிறைந்து கிடக்கிறது. சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். நடக்கிறவர்களும் பஜ்ஜி தின்கிறவர்களும் ஒரே பிளாட்பாரத்தில்தான். சனிக்கிழமை நான் இரண்டு கட்சியிலும் உண்டு.

போன வருடம் அம்மா மூன்று வாரம் ஆஸ்பத்திரியில். கேன்டீன் பூரி, ராத்திரி பிஸ்கட், தூக்கமில்லை. இரண்டு கிலோ ஏறியது. பழைய நானாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். இந்த முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து நிமிடம் நடந்தேன், சில நாள் அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் புதிதாக எதையும் ஆரம்பிக்கவில்லை. நாலு இட்லி, ஒரு முட்டை. லண்டனில் பழக்கங்களை ஆராய்ந்தவர்கள், ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள சராசரியாக 66 நாள் ஆகிறது, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெடுவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். விட்டுப்போன நாளுக்கு அபராதம் கட்டியதுதான் என்னைப் பலமுறை வெறுத்துப்போக வைத்தது.

மிஷினில் இப்போது வாரம் ஒரு முறை. பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே எழுதுகிறேன். அதைவிட நம்பகமானது பிளவுஸ். தையல்காரம்மா உள்பக்கம் மூன்று தையல் போட்டுத் தருவார். எல்லாவற்றையும் பிரித்துவிட்டுப் போட்டிருந்தேன், இப்போது இரண்டு தையல் மறுபடி உள்ளே போயிருக்கிறது.

சொந்தக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறினால் "என்னம்மா, ஒரு சுத்து பெருத்துட்ட". இறங்கினால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து ரகசியமாக, "சுகரா?" நம் ஊரில் பாராட்டு இந்த வடிவத்தில்தான் வரும். "இல்ல சித்தி, சுகர் வராம இருக்கத்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. பரிதாபமாக இன்னொரு ஜாங்கிரி வைத்தார்.

இன்றைக்கு 79. மூன்று வருடத்தில் ஒன்பது கிலோ, மாதத்துக்குக் கால் கிலோ. ஹெச்பிஏ1சி 5.8. யாரும் இதற்கு முன்-பின் போட்டோ போட மாட்டார்கள். அறுபது வருமா என்றால், வராது என்றே நினைக்கிறேன், அதில் எனக்கு இப்போது வருத்தமில்லை.

நேற்று அந்தப் பெண் தெப்பக்குளத்துக்கு வந்தாள். ஒரு வாரத்தில் நாலில் மூன்று கிலோ தானாக இறங்கியிருந்தது, நம்ப முடியாமல் இரண்டு முறை ஏறிப் பார்த்தாளாம். ஒரே ஒரு சுற்று நடந்தோம். திரும்பும்போது வண்டிக்கடையில் ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால். குடித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் ஆப்பில் ஏற்றப் போனை எடுத்தாள். ரொம்ப நேரம் தேடினாள். அதில் பருத்திப்பால் இல்லை.