பிரைட்னஸை ஏற்றியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைத் திரையிடலில் என்ன நடந்தது என்று நம் திரைப்படக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' ஓடிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து "ஒண்ணுமே தெரியலை" என்று குரல் வந்தது. உடனே ரிமோட்டை எடுத்து புரொஜெக்டரின் பிரைட்னஸை 50இலிருந்து 80க்கு ஏற்றினார்கள். நான் ஆட்சேபித்ததற்கு வந்த பதில்: "பழைய கருப்பு வெள்ளைப் படம்தானே, எதுக்கு இவ்வளவு அலட்டல்?"

அலட்டல் இல்லை. அந்தப் படத்தில் இருட்டுதான் கதையைச் சொல்கிறது. 1947இல் ஹாலிவுட்டின் ஆர்கேஓ ஸ்டுடியோ தயாரித்த படம், இயக்கம் ஜாக் டூர்னர், ஒளிப்பதிவு நிக்கோலஸ் முசுராகா. 1942இல் 'கேட் பீப்பிள்' எடுத்த அதே ஜோடி. எதைக் காட்டாமல் விட வேண்டும் என்பதில் இவர்களுக்கு இருந்த தெளிவு வேறு யாருக்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கலிபோர்னியாவில் பிரிட்ஜ்போர்ட் என்ற சின்ன ஊர். அங்கே பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறான் ஜெஃப். அவன் காதலிக்கும் ஆன் என்ற பெண் மீது ஜிம் என்ற உள்ளூர்க்காரனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. அந்த ஊர், ஏரி, மலை எல்லாம் பளிச்சென்ற பகலில் வருகின்றன. தன் பழைய வாழ்க்கையை ஜெஃப் ஆனிடம் சொல்வதோ ராத்திரியில், காரை ஓட்டிக்கொண்டே. ஜிம் பகலின் ஆள், ஜெஃப் இரவிலிருந்து தப்பி வந்தவன். இதை எந்த வசனமும் சொல்லவில்லை, வெளிச்சம் சொல்கிறது. பிரைட்னஸை 80இல் வைத்தால் இரண்டு பேரும் ஒரே சாம்பல் நிறத்தில் நிற்பார்கள். அப்புறம் இரண்டாவது பாதி இழுவை என்றால் என்ன செய்வது?

"தெரியலைன்னு சொன்னது பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய் இல்லை, தெரியவில்லைதான். ஆனால் காரணம் படத்தில் இல்லை, அறையில் இருந்தது. பின்கதவுப் பக்கம் ஒரு டியூப்லைட் எரிந்துகொண்டே இருந்தது. புரொஜெக்டரால் கருப்பைப் பாய்ச்ச முடியாது. படம் ஓடாதபோது திரை எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஆகக் கூடிய கருப்பு. முதலில் விளக்கை அணைக்க வேண்டும், ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட வேண்டும். அடுத்தது, சுவர் முழுக்கப் படம் வேண்டும் என்று 10 அடி அகலத்துக்கு விரித்திருந்தீர்கள். அதை 8 அடிக்குக் குறைத்தாலே பரப்பு 64 சதவீதமாகிவிடும், அதே விளக்கில் படம் ஒன்றரை மடங்குக்கு மேல் வெளிச்சமாகும். விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்து மின்சாரம் மிச்சப்படுத்தும் ஈகோ மோடை அணைத்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இதில் எதையும் செய்யாமல் பிரைட்னஸைத் தொட்டால், அது கருப்பைத்தான் மேலே தூக்கும். கருப்பு போனால் முகமும் சப்பென்று ஆகிவிடும்.

சப்டைட்டில் விஷயத்தை யாருமே யோசிப்பதில்லை. இருட்டுக் காட்சிக்குக் கீழே கண்ணைக் குத்துகிற முழு வெள்ளையில் எழுத்து. கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும், சுற்றியுள்ள இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும், உடனே "ஏத்துங்க" என்பார்கள். பிளேயரில் எழுத்தின் நிறத்தை வெளிர்சாம்பலாக்கினால் போதும், பாதிப் புகார் நின்றுவிடும்.

படத்தை இழுத்து அகலமாக்கியதற்கு மன்னிப்பே கிடையாது. இந்தப் படத்தின் சட்டகம் 1.37:1, அதாவது உயரம் 1 என்றால் அகலம் 1.37. 1080 வரி உயரமுள்ள திரையில் அது சுமார் 1480 புள்ளி அகலம்தான் வரும், இரண்டு பக்கமும் 220 புள்ளி கருப்பாக இருக்கத்தான் வேண்டும். "கருப்புப் பட்டை அசிங்கமா இருக்கு" என்று 1920க்கு இழுத்தால் ஜெஃபாக நடித்த ராபர்ட் மிட்சமின் முகம் 30 சதவீதம் அகலமாகிறது. ஜெஃபின் பழைய காதலி கேத்தியாக வரும் ஜேன் கிரீருக்கும் அதே கதி. இழுக்காமல் ஜூம் செய்தாலோ உயரத்தில் 23 சதவீதம் வெட்டுப்படும். இது தவிர மோஷன் ஸ்மூத்திங் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நொடிக்கு 24 சட்டகம் என்று எடுத்த படத்தில் நடுவில் இல்லாத சட்டகங்களை அது தானாகச் செருகும். சிகரெட் புகை பிசுபிசுவென்று நகர்ந்ததே, அதனால்தான். இவ்வளவு சிகரெட் பிடிக்கிற ஒரு படத்தில் புகையைக் கெடுத்தால் மிச்சம் என்ன? புகை பின்னாலிருந்து ஒளி பட்டு, இருண்ட பின்னணியில்தான் தெரியும்.

மலைக்குடில் சண்டையை நினைத்துப் பாருங்கள். ஜெஃபும் அவனுடைய பழைய கூட்டாளி ஃபிஷரும் உருண்டு புரள்கிறார்கள், அவர்களுடைய நிழல் சுவரிலும் கேத்தியின் முகத்திலும் போய்ப் போய் வருகிறது. அவள் பயந்து ஒதுங்கவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நிழல் விலகும் ஒவ்வொரு முறையும் அந்த முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முடிவு தெரிகிறது. அப்புறம்தான் சுடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்த நிழலே இல்லை. யாரோ திடீரென்று சுட்டார்கள், அவ்வளவுதான். "லாஜிக் இல்லை" என்று அதன்பிறகு எழுதியவர்களே, அந்த லாஜிக்கை அழித்தது ரிமோட்.

"பட்ஜெட் இல்லாததால்தான் இருட்டில் எடுத்தார்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பகலில் அவ்வளவு தாராளமாக மலையைக் காட்டிய படத்துக்கு அது பொருந்தாது, விடுங்கள்.

எனக்கு நிஜமாகவே வலித்தது கடைசிக் காட்சி. படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஜெஃப் செத்துவிட்டான். கேத்தியோடுதான் அவன் ஓடப் பார்த்தானா என்று ஜெஃபின் பங்க்கில் வேலை பார்த்த காது கேளாத பையனிடம் ஆன் கேட்கிறாள். அவன் ஆமாம் என்று தலையசைக்கிறான். பொய். அந்தப் பொய்யால்தான் அவள் ஜிம்மோடு போய் வாழ முடியும். முழுப் பகல் வெளிச்சத்தில் நடக்கிறது இது. அதுவரை இருட்டு இருட்டாகவே இருந்திருந்தால்தான் அந்தப் பகல் நெஞ்சை அடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் நாற்காலி மடக்கும் சத்தம் கேட்டது. அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன், அவர்களுக்கு அந்தப் படம் காட்டப்படவே இல்லை.

"மேட்டிமைத்தனம்" என்று வேறு சொல்லிவிட்டீர்கள். டிக்கெட் வாங்காமல் வருகிற பார்வையாளருக்கும் எடுத்தவர் எடுத்தபடி படம் கிடைக்க வேண்டும் என்பது எப்படி மேட்டிமைத்தனம் ஆகும்? வெளுத்துப்போன படத்தைக் கொடுத்தாலே போதும் என்று நினைப்பதுதான் அவர்களை மட்டம் தட்டுவது.

அடுத்த மாதத் திரையிடலுக்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சினிமா மோட், நிற வெப்பநிலை வார்ம், ஷார்ப்னஸும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் பூஜ்யம், மோஷன் ஸ்மூத்திங் ஆஃப். விளக்குகளை அணைத்துவிட்டு, கருப்புக் கோட்டு போட்ட ஆள் நிற்கும் ஒரு இரவுக் காட்சியை நிறுத்தி வையுங்கள். கோட்டின் மடிப்பு மறையும் வரை பிரைட்னஸைக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றி, மடிப்பு லேசாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் விடுங்கள். அதை யூசர் 1 என்று சேமித்துவிட்டு, படம் முடியும் வரை ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.