மாலையில் வீடு திரும்பாதவர்கள்
வீதியில் இறங்கிப் போராடுவதால் எந்த அரசும் தன் முடிவை மாற்றாது என்று ஒரு கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக லண்டனில் லட்சக்கணக்கானோர் திரண்டும் அடுத்த மாதமே ஈராக்கில் குண்டு விழுந்தது என்கிறார். சரி, அது உண்மைதான். ஆனால் அவர்கள் மாலையில் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

டெல்லி எல்லையில் விவசாயிகள் போகவில்லையே! 2020 நவம்பர் கடைசியில் மத்திய அரசின் மூன்று புதிய வேளாண் சட்டங்களை எதிர்த்து சிங்கு, டிக்ரி, காசிப்பூரில் வந்து உட்கார்ந்தவர்கள் டிராக்டர் டிரெய்லரையே வீடாக்கிக்கொண்டார்கள். ஊரில் அறுவடை என்றால் சிலர் போவார்கள், அவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் வருவார்கள். லங்கர் எனும் சீக்கியர்களின் இலவசப் பொதுச் சமையலறை அடுப்பு அணையவில்லை. டிசம்பர் குளிர், மே மாத வெயில், கொரோனா இரண்டாம் அலை எல்லாவற்றையும் அங்கேயே பார்த்தார்கள். பலர் ஊர் திரும்பாமலே இறந்தார்கள். நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. 2021 நவம்பர் 19 அன்று பிரதமரே தொலைக்காட்சியில் தோன்றி அந்த மூன்று சட்டங்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். உத்தரப் பிரதேச, பஞ்சாப் தேர்தல்கள் நெருங்கியதும் ஒரு காரணம்தான். ஆனால் அதுவரை அந்தக் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்தது யார்?

குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்டப்பூர்வ உத்தரவாதம் மட்டும் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் 2024 பிப்ரவரியில் பஞ்சாபிலிருந்து மறுபடி கிளம்பினார்கள்.